பூப்பின் முடிவும் காமத்தின் முடிவும்: தமிழ் இலக்கியத்தில் நடுவயதுப் பெண்ணின் பாலியல் நலம்

முன்னுரை

பெண்ணுடல் பருவமெய்தும் நிகழ்வுக்குத் தமிழில் பெயர்கள் பல உள்ளன. பூப்பு, ருது, சமைதல், பெரியவளாதல், வயதுக்கு வருதல் எனச் செய்யுள் வழக்கிலிருந்து பேச்சு வழக்குவரை அவை விரிந்து கிடக்கின்றன. அந்நிகழ்வையொட்டிச் சடங்கும் உண்டு. மலேசியத் தமிழரிடையே மஞ்சள் நீராட்டு விழா இன்றும் அழைப்பிதழ் அச்சிட்டு, மண்டபம் எடுத்து நடத்தப்படுகின்றது. ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் அதே உடலில் நிகழும் மற்றொரு மாற்றத்திற்கு விழாவும் இல்லை, தனிப்பெயரும் இல்லை. 'மாதவிடாய் நிற்றல்', 'தீட்டு நின்றுபோதல்' என்னும் தொடர்களே வழங்குகின்றன. இவை ஒன்று நின்றுவிட்டதைச் சொல்வன. ஒரு பருவம் தொடங்கியதைச் சொல்வன அல்ல.

இச்சொல்வறுமை தற்செயலானதா என்பதே இக்கட்டுரையின் வினா. நடுவயதுப் பெண்ணின் காமத்தைப் பற்றித் தமிழ் மரபு மௌனம் காத்தது என்று கூறிவிடுதல் எளிது. அது முழு உண்மையன்று. மரபு பேசியிருக்கின்றது, ஆனால் பேசிய இடங்களிற் பெரும்பாலும் காமத்தைப் பூப்போடும் மகப்பேற்றோடும் பிணைத்தே பேசியிருக்கின்றது. அதனால் பூப்பு முடியுமிடத்தில் காமமும் முடிந்ததாகக் கொள்ளப்பட்டது. இப்பிணைப்பு எங்கு உருவாகின்றது, எங்கு தளர்கின்றது, எங்கு அறுகின்றது என்பதனைச் சில பனுவல்களின் வழி நோக்குவோம்.

பாலியல் நலம்: ஒரு விளக்கம்

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் தோன்றாதிருப்பின் அது நிரந்தரமாக நின்றதாக மருத்துவம் கொள்கின்றது. பெரும்பாலான பெண்களுக்கு இது 45 முதல் 55 வயதிற்குள் நிகழ்கின்றது. சூலகத்தின் ஈஸ்ட்ரோஜன் சுரப்புக் குறைவதால் பிறப்புறுப்பின் உட்படலம் மெலிந்து உலர்கின்றது. உடலுறவின்போது வலி, எரிச்சல், சிறுநீர்த் தொல்லை ஆகியன பலருக்கு ஏற்படுகின்றன. திடீர் உடற்சூடும் உறக்கக் கேடும் நாட்டத்தைப் பாதிக்கலாம். எனினும் அனுபவம் ஒன்றுபோல் இருப்பதில்லை. நாட்டம் குறைவோர் உளர், மாறாதோர் உளர், கருவுறும் அச்சம் நீங்கியதால் முன்னினும் இயல்பாக உணர்வோரும் உளர். வலி சிகிச்சைக்கு உட்பட்டது. உயவுப் பசை முதல் அவ்வுறுப்பில் மட்டும் இடப்படும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் வரை வழிகள் உள்ளன. 'வயதானால் அப்படித்தான்' என்று பொறுத்துக்கொள்ள வேண்டியதொன்று அன்று.

மருத்துவத் துறையிலும் சொல் ஒரு சிக்கலாக இருந்தது என்பது நோக்கத்தக்கது. இந்நிலையைக் குறிக்க நெடுங்காலம் வழங்கிய கலைச்சொல் உறுப்பின் தேய்வையும் சுருக்கத்தையும் மட்டுமே உணர்த்தியது. சிறுநீர்ப் பாதையின் தொல்லைகள் அதில் அடங்கவில்லை. வெளிப்படையாக உரையாடுவதற்கும் அது தடையாயிற்று. ஆகவே 2014ஆம் ஆண்டில் இத்துறை சார்ந்த இரு கழகங்கள் கூடி அதனைக் கைவிட்டுப் புதிய கலைச்சொல்லை ஏற்றன. பாலியல் நலம் என்பது நோயின்மை மட்டுமன்று. உடல், உணர்வு, உள்ளம், சமூகம் ஆகியவற்றின் நன்னிலையாகும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட விளக்கம் கூறுகின்றது. இவ்விளக்கத்தின்படி, ஒரு சமூகம் தன் பெண்களுக்கு எத்தகைய சொற்களை வழங்கியிருக்கின்றது என்பதும் பாலியல் நலத்தின் பகுதியே. இங்குதான் இலக்கியத் திறனாய்வுக்கு இடம் ஏற்படுகின்றது.

இலக்கணம் வரைந்த எல்லை

தொல்காப்பியக் கற்பியலில் ஒரு விதி உண்டு. பரத்தையிற் பிரிந்த தலைவனாயினும், தலைவிக்குப் பூப்பு நிகழ்ந்தபின் வரும் பன்னிரண்டு நாள்களும் அவளை நீங்கி உறைதல் அறமன்று என்பது அவ்விதி. உரைமரபு இதனைக் கருத்தோன்றும் காலம் என்று விளக்குகின்றது. ஒரு வகையில் இது தலைவியின் உரிமையைக் காக்கும் விதியே. கணவனின் விருப்பத்திற்கு அப்பால் அவளுக்குரிய நாள்களை அது வரையறுக்கின்றது. ஆனால் அவ்வுரிமையின் அடிப்படை யாது? அவளுடைய விருப்பமன்று, அவளுடைய கருவளம். அடிப்படை நீங்கும்போது உரிமையும் நீங்கும் என்பது சொல்லப்படாமலே பெறப்படுகின்றது.

பிற்கால அகப்பொருள் நூல்களும் கோவைகளும் இதனைக் காட்சியாகவே ஆக்கின. தலைவி பூப்பெய்திய செய்தியைப் பரத்தையர் சேரியிலுள்ள தலைவனுக்கு அறிவிக்கச் செவ்வணி அணிந்த சேடி அனுப்பப்படுகின்றாள். மகப்பேற்றுக்குப் பின் நீராடிய செய்தியை அறிவிக்க வெள்ளணி அணிந்தவள் செல்கின்றாள். மனைவி கணவனை அழைப்பதற்கு மரபு வகுத்த நிறங்கள் இவ்விரண்டே. செவ்வணிக்கும் வெள்ளணிக்கும் காரணம் அற்றுப்போன வயதில் அவள் எந்த நிறத்தை உடுத்தித் தூது அனுப்புவாள்? அதற்கென ஒரு துறை வகுக்கப்படவில்லை.

துறை வகுக்கப்படாதது மட்டுமன்று. எதிர்த்திசையில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டும் உள்ளது. அகத்திணையியல் பெருந்திணைக்குரியனவாகச் சுட்டும் நான்கனுள் 'இளமை தீர்திறம்' ஒன்று. இதற்கு இளம்பூரணர் மூவகை விளக்கம் தருகின்றார். தலைவன் முதியனாகித் தலைவி இளையளாதல் ஒன்று. தலைவி முதியளாகித் தலைவன் இளையனாதல் மற்றொன்று. மூன்றாவதே நம் கவனத்திற்குரியது. இருவருமே இளமைப் பருவம் நீங்கியவராக இருக்க, அவர்தம் உள்ளம் அறத்தின்மேற் செல்லாது காமத்தின்மேற் செல்வது என்கின்றார். இங்கு வயதுப் பொருத்தமின்மை இல்லை. ஒருதலைக் காதலும் இல்லை. ஒத்த வயதினர், ஒத்த விருப்பினர். இளமை கடந்தது ஒன்றே அவர்தம் காமத்தை ஐந்திணைக்குப் புறம்பாக்குகின்றது. இவ்வகைப்பாடு ஆணையும் பெண்ணையும் ஒருசேரத் தழுவுகின்றது என்பதும் மறக்கத்தக்கதன்று. எனினும் விளைவு இருவர்க்கும் ஒன்றன்று. ஆணின் இளமை எப்போது தீர்ந்தது என்பதற்குத் திட்டவட்டமான நாளில்லை. பெண்ணுக்கோ உடலே ஒரு நாளைக் குறித்துத் தருகின்றது.

நாற்பதில் நிற்கும் உலா

உலா இலக்கியம் பெண்ணின் பருவத்தை ஏழாகப் பகுக்கின்றது. பாட்டியல் நூல்கள் இவற்றுக்கு வயது கூறுவதிற் சிறிது வேறுபட்டாலும், பரவலாக வழங்கும் கணக்கு இதுவாகும்: பேதை 5–7, பெதும்பை 8–11, மங்கை 12–13, மடந்தை 14–19, அரிவை 20–25, தெரிவை 26–31, பேரிளம்பெண் 32–40. சேரமான் பெருமாள் நாயனாரின் திருக்கைலாய ஞானவுலா தொடங்கி, பவனி வரும் தலைவனைக் கண்டு இவ்வெழுவரும் நிற்கும் நிலைகள் விரிக்கப்படுகின்றன.

காமம் இன்னதென்று அறியாத ஐந்து வயதுப் பேதைக்குத் தெருவில் ஓரிடம் உண்டு. நாற்பத்தொரு வயதுப் பெண்ணுக்கு இல்லை. அவள் அத்தெருவிலேயே வாழ்ந்திருப்பாள். பவனியைப் பார்த்தும் இருப்பாள். பார்ப்பவளாக அவளை இலக்கியம் எண்ணவில்லை. ஆயினும் உலா நமக்கு ஓர் அரிய சொல்லை விட்டுச்சென்றுள்ளது. பேரிளம்பெண் என்னும் தொடரில் இளமை கழிக்கப்படவில்லை, பெருக்கப்பட்டுள்ளது. உலா ஆசிரியர்கள் அவளை முதிர்ந்தவளாகவும் காமம் நன்கறிந்தவளாகவும் படைத்தனர். அச்சொல் பிற்காலத்தில் வார இதழ்த் துணுக்குகளில் கேலிச்சொல்லாகச் சிறுத்துப்போனது நம் காலத்தின் குறையேயன்றி அச்சொல்லின் குறையன்று.

பெருமுது பெண்டிர்

முதுமை என்பது ஆண்டுக் கணக்கா, அன்றி ஒரு பொறுப்பின் பெயரா? குறுந்தொகை 181ஆம் பாடல் இவ்வினாவை எழுப்புகின்றது. கிள்ளிமங்கலங்கிழார் பாடிய இப்பாடலில், தலைவன் பரத்தையிற் பிரிந்தமைக்கு வருந்தும் தோழியிடம் தலைவி பேசுகின்றாள். அவனைக் குறைகூறும் கடுஞ்சொல்லால் நமக்கு ஆவதென்ன, செல்வமனையின் பல கடமைகளை மேற்கொண்ட பெருமுது பெண்டிர் ஆகிவிட்டோமே என்பது அவள் கூற்றின் சாரம்.

பொதுவாக இப்பாடல் தலைவியின் பொறுமைக்கும் இல்லறப் பெருமைக்கும் சான்றாகவே வகுப்பறையில் விளக்கப்படுகின்றது. இரு செய்திகள் அவ்விளக்கத்தில் விடுபட்டுப்போகின்றன. முதலாவது, தலைவன் ஊரைச் சிறப்பிக்க வரும் எருமை அண்மையில் ஈன்ற எருமை. அவ்வுவமச் சூழலை நோக்கத் தலைவியும் இளந்தாயாக இருத்தல் கூடும். அவ்வாறாயின் 'முதுமை' இங்கு அவள் உடலின் நிலையன்று. மனைக்கடமை அவள்மீது சாற்றிய பெயர். ஊடுதலும் கூடுதலும் காமத்தின் இரு கூறுகள். ஊட மறுப்பவள் கூடலையும் கைவிடுகின்றாள். மாதவிடாய் நிற்பதற்குப் பல்லாண்டுகள் முன்னரே அவள் தன்னை முதியவளாக அறிவித்துக்கொள்கின்றாள்.

இரண்டாவது, அவ்வெருமையின் நிலை. உழவன் கட்டியது கன்றை, தாயை அன்று. தாய் கட்டின்றியே அகலாது நிற்கின்றது. ஆனால் நின்ற இடத்தில் அது பட்டினி கிடக்கவில்லை, பசும்பயிரை மேய்கின்றது. இதன் உள்ளுறை பலவாறு கொள்ளப்படலாம். தலைவியின் சொல் துறவைப் பேச, அவள் எடுத்தாளும் காட்சி பசியைப் பேசுகின்றது என்று படிக்கவும் இடமுண்டு. அவ்வாறு படிக்கும்போது 'பெருமுது பெண்டிர்' என்பது மனநிறைவின் கூற்றாக மட்டும் நில்லாது, வேறு வழியற்றவளின் கசப்பையும் ஏந்துகின்றது. முல்லைப்பாட்டில் பெருமுது பெண்டிர் விரிச்சி கேட்கச் செல்வதையும் இதனோடு இணைத்து நோக்கலாம். முதிர்ந்த பெண்ணுக்குச் சங்கச் சமூகம் மதிப்பான பணியை அளித்தது. அப்பணியில் அவளுடைய காமத்திற்கு இடமளிக்கவில்லை.

பிற்கால மரபில் இப்பரிமாற்றம் மேலும் கூர்மையடைகின்றது. திருமணத்தைத் தவிர்க்கப் பிள்ளையாரை வேண்டி ஔவை முதுமை பெற்றதாக வழங்கும் கதையும், கணவன் நீங்கியபின் ஊனுடலை உதிர்த்துப் பேயுரு வேண்டிப் பெற்ற காரைக்கால் அம்மையார் வரலாறும் ஒரே செய்தியை உணர்த்துகின்றன. பெண்ணுக்கு வழிநடையும் சொல்லுரிமையும் கிட்டின. விலையாக இளமையுடல் தரப்பட்டது.

புனைகதையில் மூன்று பெண்கள்

காமத்தைப் பூப்போடு பிணைப்பது தமிழுக்கே உரியதன்று. ஜெர்மானிய எழுத்தாளர் தாமஸ் மான் 1953இல் வெளியிட்ட, 'வஞ்சிக்கப்பட்டவள்' என்று பெயர் பொருள்படும் குறுநாவலை இங்கு ஒப்புநோக்கலாம். ஐம்பது வயதுக் கைம்பெண்ணான ரோசலி, மாதவிடாய் நின்ற துயரில் இருக்கையில், மகனுக்கு ஆங்கிலம் கற்பிக்க வரும் அமெரிக்க இளைஞன்மீது காதல் கொள்கின்றாள். உதிரப்போக்கு மீண்டும் தோன்றுகின்றது. இயற்கை தன் காதலை ஏற்றுப் பூப்பைத் திருப்பித் தந்ததாக அவள் மகிழ்கின்றாள். அது கருப்பைப் புற்றுநோயின் அறிகுறி என்பது பின்னர்த் தெரிகின்றது. நடுவயதுப் பெண்ணின் காமத்தை வெளிப்படையாகப் பேசிய இப்படைப்பிலும், அக்காமம் தன்னை நியாயப்படுத்திக்கொள்ள உதிரத்தின் சான்றையே தேடுகின்றது. தேடியதற்குத் தண்டனைபோல் மரணமும் வருகின்றது.

தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' (1966) நாவலின் அலங்காரம், வளர்ந்த பிள்ளைகளின் தாய். கணவன் தண்டபாணி வீட்டிலிருக்கவே சிவசுவுடன் அவளுக்கு உறவு நீடிக்கின்றது. வேதம் பயின்று திரும்பும் மகன் அப்புவின் வழியாகத் தன் பாவம் தீரும் என்று அவள் நம்புகின்றாள். அந்நம்பிக்கை பொய்க்கக் காசிக்குச் செல்கின்றாள். இந்நாவல் எழுப்பிய விவாதங்கள் பெரும்பாலும் ஒழுக்கம் பற்றியவை. வயது பற்றிய வினா உரிய கவனம் பெறவில்லை. அலங்காரத்தின் தோற்றப்பொலிவும் மிடுக்கும் வியப்புடன் சித்திரிக்கப்படுகின்றன. ஆயின் அவள் உள்ளம் விரும்பியது யாது என்பது நமக்குக் கிட்டுவதில்லை. பார்வை மகனுடையது. மகன் காண்பது தாயின் பிழையை மட்டுமே. ஜானகிராமன் அவளைப் பழிக்கவில்லை என்பது அவர்தம் பெருமை. ஆனாலும் அவளுடைய காமத்திற்கு அவரால் வகுக்க முடிந்த முடிவு, மரபு முன்னரே வகுத்த காசிப்பாதைதான். இளமை தீர்ந்தபின் உள்ளம் அறத்தின்மேற் செல்லவேண்டும் என்ற பழைய எதிர்பார்ப்பு இங்கு நாவலின் கட்டமைப்பாகவே செயற்படுகின்றது.

இப்பிணைப்பை அறுத்த படைப்பாக அம்பையின் 'காட்டில் ஒரு மான்' சிறுகதையைக் குறிப்பிடலாம். இது மாதவிடாய் நின்ற பெண்ணைப் பற்றியதன்று. ஒருபோதும் பூப்படையாத தங்கம் அத்தையைப் பற்றியது. எனினும் நம் வினாவிற்கு இதுவே மிக நெருங்கிய விடை. உதிரத்தின் சான்று அறவே இல்லாத உடலைப் பெண்ணுடலாகக் கொள்ளலாமா என்று இக்கதை கேட்கின்றது. சுற்றத்தார் அவ்வுடலைக் குறையுடையதாகக் காண்கின்றனர், மருந்துகள் தருகின்றனர், கணவனுக்கு மறுமணமும் நடக்கின்றது. ஆனால் அவளிடம் கதை கேட்டு வளரும் குழந்தைகளின் பார்வையில் அவ்வுடலில் குறையேதும் தென்படவில்லை. அத்தை சொல்லும் கதையில் ஒரு மான் வழிதவறிப் பழக்கமில்லாத காட்டிற்குள் நுழைகின்றது, அஞ்சுகின்றது, பின்னர் அக்காடு அதற்கு உரியதாகின்றது. காடு மாறவில்லை, மானின் அச்சம் மறைகின்றது. பழகிய உடல் பழகாத உடலாக மாறும் வயதில் நிற்கும் பெண்ணுக்கு, மருத்துவக் கையேட்டில் கிட்டாத ஓர் உருவகத்தை அம்பை தந்துள்ளார்.

புத்தாயிரத்தின் தொடக்கத்தில் எழுந்த பெண்கவிஞர்கள் உடலைப் பேசியதற்காகப் பெரும் கண்டனத்திற்கு உள்ளாயினர். அவர்களுள் சல்மா 'இரண்டாம் ஜாமத்துக் கதை' கவிதையில் மகப்பேற்றின் தழும்புகளோடு கூடிய உடலைப் படுக்கையறைக்குள் நிறுத்தினார். மகப்பேற்றுக்குப் பிந்திய உடல் இவ்வாறு கவிதைக்குள் வந்துவிட்டது. மாதவிடாய்க்குப் பிந்திய உடலுக்கும் அத்தகைய கவிதைகள் பெருக வேண்டியுள்ளது.

எழக்கூடிய மறுப்புகள்

இக்கால மருத்துவக் கருத்தைப் பழம்பனுவல்மீது ஏற்றுவது பொருந்துமா என்று வினவலாம். நாம் ஏற்றவில்லை. இளமை நீங்கியோரின் காமத்தைத் தனியே பிரித்து வகைப்படுத்தியவர் உரையாசிரியரே. அவ்வகைப்பாட்டின் விளைவைக் கேட்பது மட்டுமே நம் பணி.

இரண்டாவது மறுப்பு வலிமையானது. காமத்தினின்று விலகுதலைத் தாழ்வாகக் கருதுவது ஏன்? பல பெண்களுக்கு அது ஓய்வு, சிலருக்கு விடுதலை. இது உண்மையே. பாலியல் நலம் என்பது கட்டாய விருப்பமன்று. என்றும் இளமையோடிருக்கப் பெண்ணைத் தூண்டும் இன்றைய விளம்பரங்கள் மற்றொரு நிர்ப்பந்தமேயாகும். வேண்டாம் என்பதற்கும் வேண்டும் என்பதற்கும் ஒருங்கே சொல் இருக்குமாயின்தான் வேண்டாமை ஒரு தெரிவாகும். ஒரு சொல் மட்டுமே இருப்பின் அது விதியாகிவிடும்.

இவ்விடத்தில் தொல்காப்பியமே நமக்குத் துணை செய்கின்றது. கற்பியலின் இறுதிப் பகுதியில், மக்களும் சுற்றமும் சூழத் தலைவனும் தலைவியும் சிறந்ததைப் பயிலும் காலத்தைக் கூறும் நூற்பா உள்ளது. அங்குக் காமத்திற்கு அடையாக வருவது 'சான்ற' என்னும் சொல். இதனைத் துறவு நோக்கிப் படிப்பவர் உண்டு. ஆனால் சால் என்னும் வினையடி நிறைதலையும் அமைதலையும் குறிப்பது; சால்பு, சான்றோர் என்பன அதன் வழி வந்தவை. காமம் அற்ற காலம் என்னாது காமம் நிறைந்தமைந்த காலம் என்று பொருள்கொள்ள அச்சொல் இடந்தருகின்றது. மேலும் அந்நூற்பா இருவரையும் சேர்த்தே பேசுகின்றது. ஒருவரை விலக்கி மற்றவரை நிறுத்தவில்லை. நடுவயதின் இணைவாழ்வைப் பற்றித் தமிழில் சிந்திப்பதற்கு இதனினும் நல்ல தொடக்கம் நமக்கு வேண்டுவதில்லை.

முடிவுரை

பன்னிரு நாள் விதி, செவ்வணி, இளமை தீர்திறம், நாற்பதில் நிற்கும் உலா ஆகியன பெண்ணின் காமத்தைக் கருவளத்தின் எல்லைக்குள் வைத்தன. இதே மரபில்தான் பேரிளம்பெண் என்னும் சொல்லும், மேயும் எருமையின் காட்சியும், 'சான்ற' என்னும் அடையும் உள்ளன. முதல் வகையை மறைத்தலும் இரண்டாம் வகையைக் காணாது விடுதலும் நேர்மையான கல்வியாகா.

இது ஆய்வரங்கோடு முடிந்துவிடும் செய்தியன்று. நம் ஆசிரியர் அறைகளில் பெண்களே மிகுதி. அவர்களுட் பலர் இவ்வயதினர். உறக்கமற்ற இரவுக்குப் பின் வகுப்பிற்கு வந்து உலாவின் எழுபருவத்தை வரிசைப்படுத்திக் கரும்பலகையில் எழுதும் ஆசிரியை, நாற்பது என்னும் எண்ணோடு நிறுத்திக்கொள்கின்றார். அவ்வெண்ணுக்குப் பின் என்ன என்று மாணவர் எவரும் கேட்பதில்லை; கேட்கும்படி நாம் கற்பித்ததும் இல்லை. மருத்துவரிடம் தன் வலியைக் கூறத் தமிழில் சொல்லற்று, வந்ததற்கு வேறு காரணம் கூறித் திரும்பும் பெண்ணும் அவ்வகுப்பறையில் ஒருகாலத்தில் மாணவியாக இருந்தவரே.

எனவே இரு பணிகளை முன்மொழியலாம். ஆறாம் படிவத்திலும் பல்கலைக்கழகத்திலும் குறுந்தொகை 181ஐப் பயிற்றும்போது, 'பெருமுது பெண்டிர்' என்பதனைப் பொறுமைக்கு மட்டும் சான்றாக்காது, அப்பெயரை அவளுக்குச் சூட்டியவர் யார் என்னும் வினாவையும் மாணவர்முன் வைக்கலாம். கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர், 'நிறுத்தம்' என்னும் எதிர்மறைச் சொல்லோடு அமையாது, பேரிளம்பெண் என்னும் சொல்லை நாற்பதின் எல்லையிலிருந்து விடுவித்துப் 'பேரிளமைப் பருவம்' என வழங்குவதனை எண்ணிப் பார்க்கலாம். ஏற்றலும் மறுத்தலும் துறையினரின் பொறுப்பு. உரையாடல் தொடங்குவதற்கேனும் இக்கட்டுரை பயன்படுமாயின் அதன் நோக்கம் நிறைவேறியதாகும்.